வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வைஃபை: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, ஒயரா?

தோப்புவாசி | 12 ஜூலை 2025, இரவு 9.40

பொள்ளாச்சி பக்கம். கீழும் மாடியுமா கான்கிரீட் வீடு, 9 இஞ்ச் செங்கல் சுவர். ஃபைபர் முன்ஹாலில் டிவி ஷோகேஸுக்குள்ள வந்து நிக்குது. ஃபைபர் வந்து சேர்ற கம்பெனிப் பெட்டி, அதாவது ஓஎன்டி, அதுலயே வைஃபை இருக்கு. 100 எம்பிபிஎஸ் திட்டம். சமையல்கட்டு தாண்டினா வீடியோ கால் திக்குது, பின்வாசல் தாண்டினா சுத்தமா இல்ல. பின்சுவரிலிருந்து மோட்டார் ரூம் 50 மீட்டர். நடுவுல தென்னை, ரெண்டு மா, ஒரு தகரக் கொட்டகை.

வேண்டியது: தோட்டத்துல வாட்ஸ்அப் கால், மோட்டார் ரூமில் 2 கேமரா, மோட்டாருக்கு ஒரு வைஃபை ஸ்விட்ச். கடையில 4 ஆன்டெனா வச்ச எக்ஸ்டெண்டர் போதும்கிறாங்க. எனக்குப் படுறது, பவர் அதிகமா இருக்கிற ரவுட்டர் ஒண்ணு மாத்தினாலே வேலை முடிஞ்சுது. எதுக்கு ஒயர் இழுக்கணும்?

அலைவரிசை | 12 ஜூலை 2025, இரவு 11.05

கணக்குப் போட்டே பார்த்துடலாம். ஹாலிலிருந்து மோட்டார் ரூம் வரை மொத்தம் 65 மீட்டர்னு வச்சுக்கோங்க. வெட்டவெளியில 2.4 கிகாஹெர்ட்ஸ் அந்தத் தூரத்துக்கு 76 டெசிபல் இழக்கும். ரவுட்டர் 20 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் எண் பெருசாக ஆக பலம் குறைவு) அனுப்பினா அங்கே கிடைக்கிறது மைனஸ் 56. நல்ல சிக்னல்தான். ஆனா நடுவுல 3 சுவர். 9 இஞ்ச் செங்கலுக்குச் சுமாரா 8 டெசிபல்னு போட்டா மைனஸ் 80. தென்னமட்டைக்கும் மாமரத்துக்கும் ஒரு 10. ஆக மைனஸ் 90. வீடியோவுக்கு மைனஸ் 67 வேணும், மைனஸ் 75 தாண்டினாலே திக்கல் ஆரம்பம்.

இது ரவுட்டர் பேசுறது. போன் திரும்பிப் பேசணுமே? அது 14 டிபிஎம் சுமாருக்குத்தான் அனுப்பும். ரவுட்டர் காதுக்கு வர்றது மைனஸ் 96. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ரவுட்டரோட இரைச்சல் தளமே, அதாவது சிக்னல் இல்லாதப்பவும் இருக்கிற சத்தமே, மைனஸ் 95 கிட்ட. நீங்க மைக் வச்சுக் கத்தினாலும் எதிராளி முணுமுணுத்தா உரையாடல் நடக்காது. பவர் கூட்டினா போன்ல கோடு முழுசாத் தெரியும், நெட் மட்டும் ஓடாது.

5 கிகாஹெர்ட்ஸ் இதே தூரத்துக்கு இன்னும் 7 டெசிபல் மோசம். சுவர் இழப்பும் அதுக்குக் கூடுதல்.

க்ரிம்பர் | 13 ஜூலை 2025, காலை 7.15

எக்ஸ்டெண்டர் விஷயம். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புறதால வேகம் பாதிக்கு விழும். அதைவிடப் பெரிய சிக்கல், ஜனங்க அதை நெட் கிடைக்காத இடத்துல மாட்டுவாங்க. அங்கே அதுக்கும் கிடைக்காது. பாதி வழியில மாட்டணும். உங்க வீட்டுல பாதி வழின்னா சமையல்கட்டு. அங்கிருந்து வெளியே போக இன்னும் ஒரு சுவர், அதுல ஒரு ஃப்ரிட்ஜ்.

மெஷ் பெட்டியும் (ஒரே நெட்வொர்க்கா சேர்ந்து ஓடுற பல வைஃபை பெட்டி) ஒயர் இல்லாம ஓடினா எக்ஸ்டெண்டரோட படிச்ச தம்பிதான். ஒயர் குடுத்தா நல்லா ஓடும். ஒயரே குடுக்கப் போறோம்னா சாதாரண ஆக்சஸ் பாயிண்ட் (ஏபி, ஒயரில் வர்ற நெட்டை வைஃபையாப் பரப்புற பெட்டி) போதும், விலையும் குறையும்.

செய்ய வேண்டியது: ஓஎன்டியிலிருந்து கேட் 6 நெட்வொர்க் ஒயர் ஒண்ணு பின்சுவருக்கு. பின்பக்க சன்ஷேடுக்கு அடியில, தோட்டத்தைப் பார்த்து ஒரு அவுட்டோர் ஏபி. டிபி-லிங்க் ஓமாடாவில் இஏபி 225 அவுட்டோர், இஏபி 610 அவுட்டோர் மாதிரி. முன்னது ஐபி65 (தூசி, தண்ணி தாங்குற தரம்), சாதாரண 802.3ஏஎஃப் பிஓஇயில் (நெட்வொர்க் ஒயரிலேயே கரண்ட் அனுப்புற முறை) ஓடும். பின்னது ஐபி67, வைஃபை 6, அதுக்கு 802.3ஏடி வேணும். ஏஎஃப்னா போர்ட்டில் 15.4 வாட், ஏடின்னா 30 வாட். பழைய பிஓஇ ஸ்விட்சில் (பல ஒயரைச் சேர்க்கிற நெட்வொர்க் பெட்டி) 610ஐச் சொருகிட்டு ஆன் ஆகலையேன்னு கேக்காதீங்க.

தோப்புவாசி | 13 ஜூலை 2025, மதியம் 1.20

ஓஎன்டியை ஷோகேஸிலிருந்து வெளிய எடுத்தா பலன் உண்டா? ஏபியை மொட்டைமாடியில உச்சியில வச்சா இன்னும் தூரம் போகாதா?

அலைவரிசை | 13 ஜூலை 2025, இரவு 8.50

எடுங்க, காசில்லாத வேலை. டிவியோட பின்பக்கத் தகடு, ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற ரசப்பூச்சு, பக்கத்துல இரும்பு பீரோ, மூணுமே அலையைத் திருப்பி விடும். ஃபைபர் ஒயரை மட்டும் இழுத்து மடக்காதீங்க. ஓஎன்டி வாங்குற ஒளி மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவுல இருக்கணும். ஒயரைக் கூர்மையா மடக்கினா சில டெசிபல் அங்கேயே போயிடும், அப்புறம் ஒளி வரலைன்னு சொல்ற சிவப்பு எல்ஓஎஸ் லைட்.

மொட்டைமாடி வேண்டாம். நிமிர்ந்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் பரப்பும், நேர் கீழே பள்ளம். மாடி ஏபிக்கு அடுத்த தெருவரைக்கும் சிக்னல் போகும், உங்க கிணத்தடிக்கு வராது. தண்ணித் தொட்டி பக்கத்துல இருந்தா அந்தத் திசையே இருட்டு. மின்னலுக்கும் அதுதான் முதல் விலாசம்.

தரையிலிருந்து 3 மீட்டர் உயரம், சன்ஷேடுக்குக் கீழ. அங்கிருந்து 50 மீட்டருக்கு இழப்பு 74. ஏபி 20 டிபிஎம், ஆன்டெனா லாபம் 4. மரத்துக்கு 10 கழிச்சாலும் போனுக்கு மைனஸ் 60, போனிலிருந்து ஏபிக்கு மைனஸ் 66. பவர் கூட்டலை, சுவரைத்தான் கழிச்சோம்.

எலிப்பொறி | 14 ஜூலை 2025, காலை 6.30

கணக்கெல்லாம் சரி. தகரக் கொட்டகையைக் கணக்குல காணோமே?

அலைவரிசை | 14 ஜூலை 2025, காலை 8.10

காணோம்தான். ஏபிக்கும் மோட்டார் ரூமுக்கும் நேர்க்கோட்டுல தகரம் நின்னா 20 டெசிபலைத் தாராளமா முழுங்கும். பின்சுவரோட எந்த மூலையிலிருந்து பார்த்தா மோட்டார் ரூம் கதவு கண்ணுக்குத் தெரியுதோ, அந்த மூலைதான் ஏபிக்கு. தெரியலேன்னா கணக்கை நம்பாதீங்க. போனில் சிக்னல் அளக்கிற வைஃபை அனலைசர் ஆப் போட்டுட்டு, பழைய ரவுட்டர் ஒண்ணை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தற்காலிகமா அந்த மூலையில தொங்கவிட்டு ஒருமுறை நடந்து பாருங்க. துளை போடுறதுக்கு முன்னாடி.

க்ரிம்பர் | 15 ஜூலை 2025, இரவு 10.00

ஒயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியதை இப்பவே சொல்லிடறேன், பின்னால சொன்னா பயனில்லை.

கடையில சிசிஏன்னு ஒண்ணு குடுப்பாங்க. அலுமினியக் கம்பிக்கு மேல செம்பு முலாம். பெட்டியில கேட் 6னு பெருசா இருக்கும், சிசிஏன்னு எங்கேயோ பொடி எழுத்துல இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. பிஓஇ போகும்போது சூடாகும், மறுமுனையில வோல்டேஜ் விழும், ஏபி ராத்திரியில தானா ரீஸ்டார்ட் ஆகும். ரெண்டு தடவை மடக்கி நிமிர்த்தினா உள்ளே கம்பி உடையும்.

கண்டுபிடிக்க: ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்க. உள்ள வெள்ளையா மின்னினா அலுமினியம். இல்லேன்னா முழுப்பெட்டியைத் தூக்கிப் பாருங்க. 305 மீட்டர் பெட்டியில் 23 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமன் அளவு) செம்புக் கம்பி மட்டுமே 5.5 கிலோவுக்கு மேல இருக்கணும், உறையெல்லாம் தனி. ஒரு கையில சாதாரணமாத் தூக்க முடிஞ்சா சந்தேகப்படுங்க.

வெளியே வெயில் படுற இடத்துக்குக் கறுப்பு உறை. உள்ளே போடுற சாம்பல் நிற ஒயர் நம்ம வெயிலில் வெடிச்சு, தண்ணி உள்ள இறங்கி, ஒயருக்குள்ளேயே நடந்து ஸ்விட்ச் வரைக்கும் வரும். சுவருக்குள்ள நுழையிற இடத்துல ஒயரைக் கீழே வளைச்சு, சொட்டு வெளியே விழுற மாதிரி விட்டு, அப்புறம் மேலே ஏத்தி உள்ள விடுங்க. துளையையும் உள்ளிருந்து வெளியே சரிவா போடணும்.

தோப்புவாசி | 19 ஜூலை 2025, இரவு 9.10

நல்ல ஒயர் 100 மீட்டர் வாங்கியாச்சு. மிச்சம் இருக்கே, அதையே மோட்டார் ரூம் வரைக்கும் பூமியில புதைச்சு விட்டுடறேன். 100 மீட்டர்தானே எல்லை, நமக்கு 70க்குள்ள முடியும். கேமராவுக்கும் பிஓஇ அதுலயே.

ஸ்ப்ளைசர் | 19 ஜூலை 2025, இரவு 9.25

வேண்டாம்!

ஸ்ப்ளைசர் | 19 ஜூலை 2025, இரவு 10.40

சுருக்கமா சொல்லிட்டுப் போனா நியாயமில்லை. மோட்டார் ரூமுக்கு விவசாய மின் இணைப்பு தனி, எர்த் தனி. வீட்டுக்கு வேற இணைப்பு, வேற எர்த். பக்கத்துத் தென்னையில இடி விழுந்தா நிலத்தோட மின்னழுத்தமே இடத்துக்கு இடம் மாறும். 50 மீட்டர் இடைவெளியில இருக்கிற ரெண்டு எர்த்துக்கு நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். நடுவுல நீங்க புதைச்ச செம்பு இருந்தா, அதுதான் பாதை. மோட்டார் ரூம் கேமரா, ஸ்விட்ச், ஓஎன்டி, அதுல ஒயரில் மாட்டின டிவி வரைக்கும் வரிசையாப் போகும். நேரடியா அடி விழ வேண்டியதே இல்ல.

ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஃபைபர். கண்ணாடிக்கு மின்னல் தெரியாது. சிங்கிள் மோட் டிராப் கேபிள், ஜி.657ஏ ரகம் (வளைச்சாலும் ஒளி அதிகம் இழக்காதது). ரெண்டு முனையிலும் ஃபேக்டரியில கனெக்டர் போட்டது 75 மீட்டர் அல்லது 100 மீட்டர் நீளத்துக்கு ரெடியாக் கிடைக்குது, ஸ்ப்ளைசிங் (ஃபைபரை ஒட்டுற) வேலையே இல்ல. மிச்ச நீளத்தைச் சுருட்டி வச்சுக்கலாம், ஃபைபருக்கு அதனால நஷ்டம் ஏதுமில்ல. கேபிளுக்குப் பக்கத்துல தாங்குகம்பி ஒண்ணு ஒட்டியிருக்கும். அது எஃகா இருந்தா ரெண்டு முனையிலும் கட்டடத்துக்கு வெளியவே பிரிச்சு வெட்டிடுங்க. ஃபைபர் போட்டுட்டு எஃகுக் கம்பியை உள்ள கொண்டுவந்தா மறுபடி அதே கதை.

முனைக்கு ஒண்ணா மீடியா கன்வெர்ட்டர் (ஒளியை ஒயர் சிக்னலா மாத்துற பெட்டி) ஒரு ஜோடி. ஏ, பி னு ரெண்டும் வேற: ஒண்ணு 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மத்தது நேர்மாறு. ரெண்டும் ஏ வாங்கிட்டா லிங்க் வராது. கனெக்டர் நிறம் பாருங்க. கன்வெர்ட்டரில் பெரும்பாலும் நீலம், அதாவது எஸ்சி யுபிசி. நெட் கம்பெனி போடுறது பச்சை, ஏபிசி, முனை 8 டிகிரி சாய்வா தேய்ச்சது. பச்சையை நீலத்துல திணிச்சா உள்ளே நுழையும், ஆனா முகம் முகத்தோட ஒட்டாது. லிங்க் வந்து வந்து போகும்.

எலிப்பொறி | 20 ஜூலை 2025, காலை 6.45

ஃபைபரில் வெளிச்சம் வருதான்னு போன் கேமராவை முனைக்கு நேராக் காட்டினாத் தெரியும். ரிமோட்டுக்குப் பார்ப்போமே, அந்த மாதிரி.

ஸ்ப்ளைசர் | 20 ஜூலை 2025, காலை 9.30

தெரியாது. டிவி ரிமோட் 940 நானோமீட்டர் சுமாருக்கு. போன் கேமராவோட சிலிக்கான் 1100 தாண்டினா குருடு. 1310, 1550 ரெண்டுமே அதுக்கு அப்பால. கேமராவில இருட்டா இருக்கேன்னு கண்ணை வச்சுப் பார்க்கிறதுதான் பயமா இருக்கு, அது கண்ணுக்கும் தெரியாது. பவர் மீட்டர் இல்லேன்னா உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கிட்ட கேளுங்க, அவர் பையிலேயே இருக்கும்.

தோப்புவாசி | 20 ஜூலை 2025, மதியம் 2.00

ஃபைபரில் கரண்ட் வராதே. கேமராவுக்கு அங்கே எப்படி? மோட்டார் பேனலிலிருந்து ஒரு பிளக் எடுத்துக்கலாமா?

எலிப்பொறி | 20 ஜூலை 2025, இரவு 8.15

எடுக்காதீங்க. விவசாய இணைப்பு பம்புசெட்டுக்குக் குடுத்தது, வேற உபயோகம் பிடிபட்டா தலைவலி. தவிர மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதும் நிக்கும்போதும் அந்த லைன்ல வர்ற எகிறலில் சின்ன அடாப்டர் தாங்காது.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சோலார். எவ்வளவு வேணும்னு பார்ப்போம். 2 கேமரா ஆளுக்கு 5 வாட், சின்ன பிஓஇ ஸ்விட்ச் 5, கன்வெர்ட்டர் 3. மொத்தம் 18 வாட். ஒரு நாளைக்கு 432 வாட் அவர். வெயில் 5 மணி நேரம், நஷ்டம் 30 சதவீதம் கழிச்சா 125 வாட் பேனல் வருது. மழை மாசத்தை நினைச்சு 200 போடணும். பேட்டரி பாதி வரைக்கும்தான் இறக்கணும்னா ஒரு நாளுக்கே 12 வோல்ட் 75 ஏஎச், ரெண்டு நாள் மேகம்னா 150 ஏஎச். ஒரு முழு இன்வெர்ட்டர் பேட்டரி. 18 வாட்டுக்கு!

ரெண்டாவது, வீட்டிலிருந்து பவர் ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஆர்மர்ட் கேபிள், தனிக் குழாய், வீட்டு டிபியில் (மின் விநியோகப் பெட்டி) தனி எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினா அணையிறது) 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா அணையிறது). மலிவு இதுதான்.

க்ரிம்பர் | 20 ஜூலை 2025, இரவு 8.40

ஒரு நிமிஷம். மின்னலுக்குப் பயந்து ஃபைபர் போடச் சொன்னோம். இப்ப பக்கத்திலேயே செம்புப் பவர் ஒயரும் போகுதுன்னா மின்னலுக்கு அதே பாதைதானே?

ஸ்ப்ளைசர் | 21 ஜூலை 2025, காலை 7.50

சரியான கேள்வி. பாதைதான், ஆனா அந்தப் பாதை போய் முட்டுற இடம் வேற. டேட்டா ஒயர் வழியா வந்தா முதல்ல அடிபடுறது ஓஎன்டியோட சின்ன போர்ட், அது தாங்காது. பவர் ஒயர் வழியா வந்தா வீட்டு டிபி. அங்கே டைப் 2 எஸ்பிடி (மின்னெகிறலை எர்த்துக்குத் திருப்பி விடுறது) ஒண்ணு போட்டு, எர்த்துக்குக் குட்டையா, நேரா ஒயர் விட்டா பெரும்பாலும் தாங்கும். மோட்டார் ரூம் முனையிலும் ஒண்ணு நல்லதுதான், ஆனா அதுக்கு அங்கே எர்த் வேணும். அந்த எர்த்தை எப்படி இணைக்கணும்கிறது லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் நேர்ல வந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், இங்கே எழுதித் தீராது. கேமரா பெட்டி பிளாஸ்டிக், அடாப்டர் ரெட்டைக் காப்பு உள்ள 2 பின் ரகம், மோட்டார் பேனலைத் தொடாம எதிர்ச்சுவரில். இது வரைக்கும் நீங்களே பார்த்துக்கலாம்.

முழுசாப் பிரிக்கணும்னா சோலார்தான் சுத்தம். செலவைப் பார்த்துக்கோங்க. இடி அடிக்கடி விழுற ஊர்னா நான் சோலார் பக்கம்.

எலிப்பொறி | 26 ஜூலை 2025, மாலை 5.20

குழி தோண்டுறதுக்கு முன்னாடி: 2 அடி ஆழம், எச்டிபிஇ குழாய் 25 மில்லிமீட்டர். பவருக்கு ஒண்ணு, ஃபைபருக்கு ஒண்ணு, நடுவுல ஒரு அடி. குழாய்க்கு மேல ஒரு சாண் மண்ணு போட்டு எச்சரிக்கை டேப் விரிங்க, அடுத்த தடவை தென்னைக்குப் பாத்தி எடுக்கிறவர் மம்மட்டிக்கு முன்னாடி அது கண்ணுல படட்டும். குழாய்க்குள்ள நைலான் கயிறு ஒண்ணு சும்மா விட்டு வைங்க, பின்னாடி இழுக்க உதவும்.

பெருச்சாளி இருக்கிற தோட்டம்னா வெறும் ஒயரைப் புதைக்கவே கூடாது. மரத்துக்கு மரம் கட்டி மேல கொண்டுபோனா அணில். மட்டை விழுந்தா அதுவும் போச்சு. குழாய் வாயை ரெண்டு பக்கமும் சிலிக்கானால் அடைங்க. இல்லேன்னா எறும்பு அந்த வழியா ஏபி வரைக்கும் போய்க் குடித்தனம் பண்ணும். எறும்புக்கு வெதுவெதுப்பான சர்க்யூட் போர்டு ரொம்பப் பிடிக்கும்.

தோப்புவாசி | 27 ஜூலை 2025, காலை 10.15

குழி, குழாய் எல்லாம் பார்த்தா மலைப்பா இருக்கு. ஒண்ணையொண்ணு நேராப் பார்த்துப் பேசுற பாயிண்ட் டு பாயிண்ட் ரேடியோ ரெண்டு வச்சா?

அலைவரிசை | 27 ஜூலை 2025, இரவு 9.00

ஓடும். டிபி-லிங்க் சிபிஇ 510 மாதிரி 13 டிபிஐ லாபமுள்ள ஆன்டெனா உள்ளது ஒரு ஜோடி, 50 மீட்டருக்கு அதிகம்கூட. போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், 2 கேமராவுக்கு அது ஏராளம். ரெண்டு நிபந்தனை உண்டு. ஒண்ணு, நேர்க்கோடு கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது, கோட்டைச் சுத்தி இடமும் வேணும். 5.5 கிகாஹெர்ட்ஸில் 50 மீட்டருக்கு நடுவில் 80 சென்டிமீட்டர் ஆரம். அதுக்குள்ள மட்டை ஆடினா சிக்னலும் ஆடும், மழையில நனைஞ்ச மட்டை இன்னும் மோசம். ரெண்டு, அதோட பவர் பெட்டி 24 வோல்ட் பாஸிவ் பிஓஇ. கேக்காமலே கரண்ட் அனுப்பும். அந்த ஒயரை மறதியா வேற சாதனத்துல சொருகினா புகை. பெட்டி மேல மார்க்கரால் எழுதி ஒட்டுங்க.

அப்பவும் மோட்டார் ரூமில் கரண்ட் பிரச்சினை தீரலை, அதையும் பாருங்க. எப்படியும் பவருக்குக் குழி தோண்டினா, பக்கத்துல ஒரு ஃபைபர் குழாய் போட என்ன கஷ்டம்?

க்ரிம்பர் | 3 ஆகஸ்ட் 2025, மாலை 4.30

செட்டிங்குக்கு வருவோம். ஓஎன்டியே ரவுட்டரா இருக்கட்டும். ஏபியை ஏபி மோடில் போடுங்க. பழைய ரவுட்டரை ஏபியாக்குறதா இருந்தா: முதல்ல அதோட ஐபியை (நெட்வொர்க் விலாசம்) 192.168.1.2ன்னு மாத்தி, டிஎச்சிபியை (மத்த சாதனத்துக்கு ஐபி குடுக்கிறது) அணைச்சு, ஒயரை வேன் (வெளி நெட்) போர்ட்டில் இல்லாம லேன் (உள் நெட்) போர்ட்டில் சொருகணும். வேனில் சொருகினா வீட்டுக்குள்ள ரெண்டு நெட்வொர்க் ஆகிடும், ஹாலில் இருக்கிற டிவிக்குத் தோட்டத்துப் போனிலிருந்து காஸ்ட் பண்ண முடியாது.

ஓஎன்டியில் எந்த போர்ட்டுன்னும் பாருங்க. பல பெட்டிகளில் ஒண்ணே ஒண்ணுதான் ஜிகாபிட், மத்தது 100. மேல ஜிகாபிட்டுக்கு ஜிஇ, 100க்கு எஃப்இன்னு போட்டிருக்கும்.

2.4இல் சேனல் அகலம் 20 மட்டும். ஓஎன்டிக்கு 1, பின்சுவர் ஏபிக்கு 6 அல்லது 11. 5 கிகாஹெர்ட்ஸில் ஹாலுக்கு 36, வெளியே 149. எஸ்எஸ்ஐடி (வைஃபை பேர்), பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூணும் ரெண்டிலும் அச்சு அசலா ஒண்ணா இருக்கட்டும். எப்ப மாறணும்னு முடிவெடுக்கிறது போன், ரவுட்டர் இல்ல. ஹால் சிக்னலையே கட்டிக்கிட்டு அழுதா ஓஎன்டியோட 2.4 பவரைக் குறைங்க. கூட்டாதீங்க.

மோட்டார் ஸ்விட்ச் 2.4 மட்டும்தான் பேசும், பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ 3 மட்டும்னு வச்சா சேராது. அதுக்குத் தனி எஸ்எஸ்ஐடி, 2.4 மட்டும், டபிள்யூபிஏ 2.

எலிப்பொறி | 3 ஆகஸ்ட் 2025, இரவு 7.10

அந்த ஸ்விட்ச் மோட்டார் கரண்டைத் தூக்கக் கூடாது. ஸ்டார்ட்டரோட காயிலை மட்டும் இயக்கணும், ஓவர்லோடு ரிலே, டிரை ரன் (தண்ணியில்லாம ஓடுறது) பாதுகாப்பு எல்லாம் பழையபடி நடுவில இருக்கணும். நெட் போனா என்ன ஆகும்னும் முன்னாடியே யோசிங்க. ஆன் பண்ணின பிறகு வைஃபை படுத்தா யார் நிறுத்துறது? ஸ்விட்சுக்குள்ளேயே டைமர் இருக்கிற ரகம் வாங்குங்க, 45 நிமிஷத்துல தானா அணையட்டும்.

தோப்புவாசி | 17 ஆகஸ்ட் 2025, இரவு 8.30

பின்சுவர் ஏபி மாட்டியாச்சு. தோட்டத்துல மைனஸ் 58லிருந்து 66 வரை, கால் ஓடுது. ஒரே குறை, ஏபிக்கு 100 எம்பிபிஎஸ் லிங்க்னு காட்டுது, ஸ்விட்சும் ஓஎன்டி போர்ட்டும் ஜிகாபிட்தான். திட்டமே 100தானே, விட்டுடலாமா? வைஃபை 7 வாங்கியிருந்தா 6 கிகாஹெர்ட்ஸும் வந்திருக்குமேன்னு தம்பி திட்டுறான்.

அலைவரிசை | 17 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

தம்பிகிட்ட சொல்லுங்க, 2025 மே மாசம் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில் 5925லிருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்னு இருக்கு, ஆனா வீட்டுக்குள்ள குறைந்த சக்தி, வெளியே மிக மிகக் குறைந்த சக்தி. தோப்புக்கு அது ஆகாது. 9 இஞ்ச் சுவருக்கு 6 கிகாஹெர்ட்ஸ் 5ஐவிட மோசம்.

க்ரிம்பர் | 17 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

விடாதீங்க. 100இல் நிக்குதுன்னா 4 ஜோடியில ஒண்ணு தொடலை. 100க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும். நீலமோ பழுப்போ க்ரிம்பில் (பிளக்கை அழுத்திப் பொருத்தினதுல) முனை வரைக்கும் போயிருக்காது. வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜோடியை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க. கம்பி 8ம் பிளக்கோட முன்சுவரைத் தொடுதான்னு வெளிச்சத்துல பார்த்துட்டு அழுத்துங்க. வெளி உறையும் பிளக்குக்குள்ள மாட்டியிருக்கணும், இல்லேன்னா காத்துல ஆடி ஆடி மழைக்காலத்துல மறுபடி விடும். முதல்ல ஏபி பக்கத்து முனையை மாத்துங்க, ஏணியில நின்னு போட்டது அதுதான்.

தோப்புவாசி | 18 ஆகஸ்ட் 2025, மாலை 6.40

பழுப்பு. இப்ப 1000. கரண்ட் போனா ஓஎன்டியும் ஏபியும் சேர்ந்து ஓட மினி யூபிஎஸ் 8800 எம்ஏஎச் போதுமா?

எலிப்பொறி | 18 ஆகஸ்ட் 2025, இரவு 9.00

அந்த 8800 உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்குச் சொல்றது. 32 வாட் அவர்தான். 12 வோல்ட்டுக்கு ஏத்துறதுல நஷ்டம் போக 27. ஓஎன்டி 7 வாட்னா 3 மணி நேரத்துக்கு மேல. ஏபி 8 வாட் சேர்ந்தா ரெண்டு மணி நேரம்கூடத் தாண்டாது. தவிர ஏபிக்கு வேண்டியது 48 வோல்ட், பெரும்பாலான மினி யூபிஎஸ் 9ம் 12ம்தான் குடுக்கும். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா ஓஎன்டி, பிஓஇ ஸ்விட்ச் ரெண்டையும் அந்த லைனிலேயே போடுங்க. மோட்டார் ரூமுக்குப் போற ஒயரையும் அதே லைனில் எடுத்தா கேமராவும் நிக்காது.

க்ரிம்பர் | 22 அக்டோபர் 2025, காலை 8.20

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சாச்சு. மழை விட்டதும் ஏபியோட அடிமூடியைத் திறந்து ஒருமுறை பாருங்க. உள்ளே ரப்பர் வளையம் முறுக்கிக்கிட்டு இருந்தா நீர் கசியும். போர்ட்டில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தா அது பிஓஇ கரண்டும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்னது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பிளக்கை வெட்டிப் புதுசு போடுங்க. துடைச்சு மறுபடி சொருகினா ஒரு வாரம் தாங்கும்.

ஸ்ப்ளைசர் | 22 அக்டோபர் 2025, மதியம் 12.45

கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கிறது பத்திக் கேட்டு மெசேஜ் வந்திருக்கு, இங்கேயே போடறேன். போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வர்றதைக் கேமராவுக்குத் திருப்பி விடுறது) போட்டும் வரலைன்னா, ஓஎன்டியோட வேன் ஐபி 100.64லிருந்து 100.127 வரைக்குள்ள ஆரம்பிக்குதான்னு பாருங்க. அப்படின்னா சிஜிநாட் (பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி), வெளியிலிருந்து உள்ளே வர வழியில்ல. கேமரா கம்பெனியோட கிளவுட் ஆப், இல்லேன்னா வீட்டுல எப்பவும் ஓடுற ஒரு பெட்டியில் டெயில்ஸ்கேல் (விபிஎன் மென்பொருள்). நிலையான ஐபி தனிக்கட்டணம், 2 கேமராவுக்கு அது தேவையில்ல. எது செஞ்சாலும் கேமராவோட ஆரம்பப் பாஸ்வேர்டை முதல்ல மாத்துங்க.